எலி கடித்த தூண்டில்

அன்பு மகளுக்கு உன் சித்தி ஆசி கூறி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் உன் சித்தப்பாவும் எழுந்து நடமாடும் அளவுக்கு இருக்கிறோம். நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்பி தினமும் உன் பேரைச் சொல்லிக் கும்பிடுகிறேன். இவ்வளவு தூரம்தான் கண்ணு, பள்ளிக்கூடத்துல வாத்தியார் சொல்லிக் கொடுத்த மாதிரி எழுத வருது, இதுக்கு மேல நான் பேசுற மாதிரியேதான் எழுதுவேன், நிறுத்த வேண்டிய இடத்துல நீயே நிறுத்திப் படிச்சுக்கோ.

ஞாயித்துக்கிழமை ஆனா போன்ல பேசிக்கிட்டுத்தானே இருக்கோம், இப்ப எதுக்குச் சித்தி கடுதாசி எழுதுறாங்கன்னு நினைப்பே. இந்த ரெண்டு ரூம் வீட்டுல போனை எங்க வச்சுப் பேசினாலும் உன் சித்தப்பா காதுல விழுந்துடுது. கையில இருந்து போன பலமெல்லாம் காதுக்கு வந்துட்ட மாதிரி இருக்கு, நான் சமையல்கட்டுல மனசுக்குள்ள முணுமுணுத்தாக்கூட என்னன்னு கேட்கிறார். அதனால கட்டடத்துக்குக் கீழே எல்லாரும் துணி துவைக்கிற ரூம் இருக்கு இல்ல, அங்க வந்து மெஷின் மேல அட்டையை வச்சு எழுதுறேன். மெஷின் வேகமாச் சுத்தும்போது எழுத்து ஆடும், சித்திக்கும் கை நடுக்கம் வந்துடுச்சுன்னு பயந்துடாதே. நடுங்குறது மெஷின்தான். எனக்கு வேற வியாதி ஒண்ணும் இல்ல, அசதிதான். காலைல எந்திரிக்கும்போதே சாயங்காலம் ஆன மாதிரி இருக்கு. அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டு, சவரம் பண்ணி விட்டு, செருப்பு மாட்டி விட்டு நிமிர்றதுக்குள்ள இடுப்பு ரெண்டாப் போயிடுது. அதுல நான் பொத்தான் போடுற ஒவ்வொரு தடவையும் அவர் மேல கூரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார், யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க சோதனை போடுற மாதிரி.

அவர் கை விஷயம் போன்ல உன்கிட்ட முழுசாச் சொன்னதில்ல. பக்கவாதம் வந்ததுல காலு நல்லாவே திரும்பிடுச்சு, பேச்சும் தெளிவாயிடுச்சு, வாய் முன்னைவிட ஜாஸ்தின்னே சொல்லலாம். வலது கைதான் அப்படியே இருக்கு. அஞ்சு விரலும் உள்ளங்கைக்குள்ள மடங்கி, எதையோ ஒளிச்சு வச்சுக்கிட்டு காட்ட மாட்டேன்னு சொல்ற குழந்தை கை மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பும்போதே டாக்டர் சொன்னார், ஆறு மாசத்துக்குள்ள வர்றதுதான் பெரும்பாலும் வரும், அதுக்கு அப்புறம் வர்றது கஷ்டம், கையைச் சும்மா விடாதீங்கன்னு. நாலு மாசம் முடிஞ்சு அஞ்சாவது நடக்குது. வாரத்துக்கு ரெண்டு நாள் கைப்பயிற்சி கொடுக்க ஒரு பொண்ணு வருது, உன் வயசுதான் இருக்கும், நல்ல பொறுமை. ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்குங்க ஐயா, விடுங்க ஐயான்னு கெஞ்சுது. இவர் பந்தைப் பார்க்கிறார், அந்தப் பொண்ணைப் பார்க்கிறார், பந்து விளையாடுற வயசா எனக்குன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறார். வாசலைத் தாண்டி ஒரு அடி வச்சதில்ல. லிஃப்டுக்குள்ள யாராவது கையைப் பார்ப்பாங்களாம். முப்பது வருஷம் ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணின மனுஷன், சொந்தக் கட்டடத்து லிஃப்டுல ஏற வெட்கப்படுறார்.

இப்ப சொல்லப் போறதைப் படிச்சுட்டுச் சித்தியை மட்டமா நினைச்சுடாதே. சித்தப்பாவோட தூண்டில் கைப்பிடியை எலி கடிச்சுடுச்சுன்னு போன்ல சொன்னேனே, அதை எலி கடிக்கல கண்ணு. நான்தான். பல்லால கடிக்கல, ஆனா எலி கடிச்சிருந்தா இதைவிடக் கொஞ்சமாத்தான் கெட்டிருக்கும். அவர் ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கிடந்தப்ப, காலைல ஒரு மணி நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவாங்க, மிச்ச நேரமெல்லாம் நான் வீட்டுல தனியா. பயம் வந்தா எனக்குக் கை சும்மா இருக்காதுன்னு உனக்கே தெரியும், சின்ன வயசுல உனக்குக் காய்ச்சல் இறங்காம இருந்தப்ப ஒரே நாள்ல பாத்திர அலமாரியை மூணு தடவை கழுவினவ நான். இந்தத் தடவை ஆண்டவன்கிட்ட ஒரு பேச்சுப் பேசிக்கிட்டேன், இந்த வீட்டுல ஒரு தூசி இல்லாம ஒரு கறை இல்லாம நான் வச்சுக்கிறேன், நீ அவரை முழுசாத் திருப்பி அனுப்புன்னு. ஃபேன் இறக்கை துடைச்சேன், திரைச்சீலை வளையத்தையெல்லாம் கழட்டிக் கழுவினேன், கட்டிலைத் திருப்பிப் போட்டுக் காலுக்கு அடியில துடைச்சேன். கடைசியில பார்த்தா படுக்கை ரூம் கதவுக்குப் பின்னாடி அவர் தூண்டில் கம்பு நிக்குது. தக்கைக் கைப்பிடி கறுத்துப் போய், மீன் வாடையும் புழு வாடையுமா, இருபத்தஞ்சு வருஷத்து அழுக்கு அதுல. இதை ஒண்ணை மட்டும் விட்டா பேசின பேச்சு தவறின மாதிரி ஆயிடுமேன்னு, பக்கெட்டுல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி, சோடாப்பொடி போட்டு, எலுமிச்சை சோப்பைக் கரைச்சு, கைப்பிடியை ஒரு பகல் முழுக்க ஊற வச்சு, கம்பி நாரால தேய் தேய்னு தேய்ச்சேன். அழுக்கு போச்சு. அழுக்கோட சேர்ந்து தக்கையில இருந்த சின்னச் சின்ன ஓட்டையை அடைச்சு வச்சிருந்த பூச்சும் கொட்டிப் போச்சு. பதறிப்போய் சீக்கிரம் காயட்டும்னு அடுப்புக்குப் பக்கத்துல சாய்ச்சு வச்சேன். அந்தக் கைப்பிடி ஒரே துண்டு இல்ல, தக்கையை வளையம் வளையமா அடுக்கி ஒட்டினதுன்னு எனக்கு யாரு சொன்னா. சூடு பட்டதும் ரெண்டு வளையம் பிளந்து வாயைத் திறந்துக்கிச்சு, தொட்டுப் பார்த்தா ரொட்டி பிய்ஞ்ச மாதிரி ஒரு துண்டு என் கையோட வந்துடுச்சு. ஆண்டவன் அவன் பேச்சைப் பெரும்பாலும் காப்பாத்திட்டான். நான்தான் காப்பாத்துறேன்னு சொல்லிக் கெடுத்து வச்சேன்.

வீட்டுக்கு வந்த அன்னைக்குக் கட்டில்ல உக்கார வச்சதுமே அவர் கண்ணு கதவுக்குப் பின்னாடிதான் போச்சு, எடுத்துக் கொடுன்னார். வேற வழி இல்லாம எடுத்துக் கொடுத்தேன். என்ன இதுன்னு கேட்டார். எலின்னு சொன்னேன். யோசிச்சுச் சொல்லல கண்ணு, வாய் தானாச் சொல்லிடுச்சு, சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே கேட்டுச்சு. அவர் இடது கையால அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூக்குகிட்டக் கொண்டு போனார், அப்புறம், கம்பும் போச்சா, இனிமே கை இருந்து மட்டும் என்ன பண்ணப் போகுதுன்னு சொல்லி என்கிட்டயே நீட்டிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் நாலு மாசமா என் நெஞ்சுல உக்காந்திருக்கு. அந்தப் பொண்ணு பந்தை நீட்டுறப்பவும் இவர் திரும்பிக்கிறப்பவும், இதுக்கு நீதான்டி காரணம்னு யாரோ காதுல சொல்ற மாதிரியே இருக்கும். தினமும் காலைல கும்பிடும்போது ஆண்டவன்கிட்ட இதைச் சொல்லிடுறேன், இவர்கிட்டச் சொல்லத்தான் வாய் வரல. ஆண்டவன் மறுபேச்சுப் பேச மாட்டான், உன் சித்தப்பா பேசுவார்.

அதோட விட்டாரா, அந்த எலியைப் பிடிச்சே ஆகணும்னுட்டார். எலிப்பொறி வாங்கி வரச் சொன்னார், வாங்கி வந்தேன். இல்லாத எலிக்கு நாலு மாசமா தினமும் ரொட்டித் துண்டு வைக்கிறேன். காலைல கண்ணு முழிச்சதும் விழுந்துச்சான்னு கேட்பார், விழலைங்கன்னு சொல்வேன், கெட்டிக்கார எலிதான்னு சொல்லிக்கிட்டே பல் விளக்கப் போவார். ஒரு நாள் அசதியில நானே மறந்துபோய் பொறியில கட்டை விரலைக் கொடுத்துட்டேன், நகம் கறுத்துப் போச்சு, பாத்திரம் விழுந்துச்சுன்னு அதுக்கு இன்னொரு பொய். எலிப்பொறியில எலி விழுந்ததென்னவோ நிஜம்தான். நீயும் பாவம் எலி கதையை நம்பி, அவ்வளவு தூரத்துல இருந்து புதுத் தூண்டில் வாங்கி அனுப்பினே. அவர் கைப்பிடியை மட்டும் தடவிப் பார்த்து, ஸ்பாஞ்சு வச்சது, நல்லாத்தான் இருக்கு, புள்ள ஆசையா அனுப்பியிருக்குன்னு சொல்லி உறையோட பீரோ மேல வைக்கச் சொல்லிட்டார். மனசுல வச்சுக்காதே. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்கிட்டயும் பொய் சொன்னவதானேன்னு எனக்குத்தான் குறுகுறுன்னு இருக்கும்.

சரி, கெடுத்தவளே சரி பண்ணுவோம்னு ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி கம்பைத் துணி மூட்டையோட சுத்தி மறைச்சு எடுத்துக்கிட்டு, ஏரிக்குப் போற ரோட்டுல தூண்டில் சாமான் விக்கிற கடைக்குப் போனேன். கடையில ஒரு அம்மா, என்னைவிட மூத்தவங்க, சிரிக்கவே மாட்டாங்க போல. கைப்பிடியை வாங்கி மோந்து பார்த்துட்டு, யாரும்மா இதைக் குளிப்பாட்டினதுன்னு கேட்டாங்க. நான் துணி மூட்டையை முடிச்சுப் போட ஆரம்பிச்சேன். அப்புறம் அவங்களே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பிளந்த ரெண்டு வளையத்தை எடுத்துடணும், வேற வளையம் நான் தர்றேன், அதை ரெண்டாப் பிளந்து கம்பைச் சுத்தி வச்சு, தண்ணிக்கு விடாத பசை போட்டு, நூலால இறுக்கிக் கட்டி ஒரு முழு நாள் வைக்கணும், மிச்ச ஓட்டையெல்லாம் தக்கைத் தூளையும் பசையையும் பிசைஞ்சு அடைக்கணும், காய்ஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும்னு சொன்னாங்க. நான் எல்லாப் பள்ளத்தையும் அடைச்சுடுறேங்கன்னு சொன்னேன். அந்தம்மா கைப்பிடி மேல என் விரலைப் பிடிச்சு வச்சு, நடுவுல வழவழன்னு இறங்கியிருந்த ஒரு இடத்தைக் காட்டினாங்க. பக்கத்து வளையம் பிளந்து போனதுல அந்த இடம் பாதிதான் மிஞ்சியிருந்துச்சு. இது பள்ளம் இல்லம்மா, உங்க வீட்டுக்காரர் கட்டை விரல், இதை அடைச்சீங்கன்னா கம்பு உங்களுது, அவருது இல்லன்னு சொன்னாங்க. இத்தனை வருஷம் துணி துவைச்சுப் போட்டிருக்கேன், அந்தக் கட்டை விரல் எங்க உக்காரும்னு எனக்குத் தெரியல பாரு.

தக்கைத் தூளுக்கு எங்க போறது. பாட்டில் அடைக்கிற தக்கை கிடைச்சா உப்புத்தாள்ல உரசித் தூள் பண்ணிக்கலாம்னு அந்தம்மா சொன்னாங்க, அந்த மாதிரி பாட்டில் எங்க இருக்கும்னும் சொன்னாங்க. தெரு முனையில இருக்கிற மதுக்கடைக்கு, காலைல பதினோரு மணிக்கு, தலையில முக்காடு போட்டுக்கிட்டு, ஆண்டவனே கண்ணை மூடிக்கோன்னு வேண்டிக்கிட்டே உள்ளே போனேன். நாற்காலியையெல்லாம் மேசை மேல கவுத்து வச்சுத் தரை துடைச்சுக்கிட்டிருந்த ஆள், என்ன வேணும்மான்னு கேட்டான். குடிச்சது வேண்டாம் தம்பி அடைச்சது போதும்னு சொன்னேன். அவன் சிரிச்ச சிரிப்புல துடைப்பம் கீழே விழுந்துடுச்சு. ஒரு பை நிறையக் கொடுத்தான், நல்ல பையன். வெளியே வந்தா நேரா எதிர்ல, பிரார்த்தனைக்கு என் பக்கத்துல உக்கார்ற அக்கா. என்னைப் பார்த்தாங்க, பையைப் பார்த்தாங்க, பையில இருந்து வந்த வாடையையும் பிடிச்சாங்க. ஒண்ணும் கேட்கல, வீட்டுல கஷ்டம் வந்தா மனசு தடுமாறத்தான் செய்யும், நான் உனக்காக வேண்டிக்கிறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னையில இருந்து எனக்காக ரெண்டு பங்கு பிரார்த்தனை நடக்குது. வேண்டாம்னு சொல்லவும் மனசு வரல, இப்ப எனக்கு அது தேவையாத்தான் இருக்கு.

வேலையெல்லாம் இந்தத் துணி துவைக்கிற ரூம்லதான் பண்ணினேன், மேல போனா சத்தம் கேட்கும், பசை வாடை வரும். கம்பு ரெண்டாக் கழண்டுடும், அடிக் கம்பை மட்டும் துணிக் கூடையில போர்வைக்குள்ள வச்சு இறக்கிக்கிட்டு வருவேன். முதல் தடவை கடைக்காரம்மா சொன்னதை அரைகுறையாக் காதுல வாங்கி, ஓட்டையை மட்டமா அடைச்சு வழிச்சு விட்டேன், பார்க்க அழகா இருந்துச்சு, மறுநாள் வந்து பார்த்தா அத்தனையும் உள்ளே இறங்கி அம்மைத் தழும்பு மாதிரி நிக்குது. திரும்பக் கடைக்குப் போனேன். மேடா வைக்கணும்மா, காயும்போது இறங்கும், அப்புறம்தான் தேய்ச்சு மட்டம் பண்ணணும், அவசரப்பட்டா எதுவும் நிக்காதுன்னு சொன்னாங்க. எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு முதல்ல இருந்து பண்ணினேன். மெஷின் மேல வச்சுத் தேய்ச்சா ஆட்டத்துல கோணலாகும்னு கண்டுபிடிக்க ஒரு வாரம், சொரசொரப்பு உப்புத்தாள் முதல்ல, நைசானது அப்புறம்னு கண்டுபிடிக்க இன்னொரு வாரம். விரல் நுனி ரேகையெல்லாம் தேய்ஞ்சு போச்சு. மூணாவது மாடி அக்கா ஒரு நாள் எட்டிப் பார்த்து, ரெண்டு பேரு வீட்டுல இவ்வளவு துணியான்னு கேட்டாங்க. அவரும் கேட்டார். உடம்பு முடியாதவங்க இருக்கிற வீடு, போர்வை எல்லாம் அடிக்கடி போடணும்னு சொல்லிச் சமாளிச்சேன். உட்கார்ந்து தேய்க்கும்போது சில நாள் அப்படியே தூங்கிடுவேன், மெஷின் நின்னா அந்த அமைதியிலதான் முழிப்பு வரும்.

கடைசியில அந்தக் கட்டை விரல் பள்ளம்தான் பாக்கி நின்னுச்சு. புது வளையத்துல அது இல்ல, எங்க தோண்டணும் எவ்வளவு தோண்டணும்னு அவர் கையில வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். அதனால போன வாரம், மத்தியானம் சாப்பிட்டு அவர் கண்ணு அசந்த பிறகு, மூச்சு சீராகிற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தேன். தூக்கத்துல அந்த விரலெல்லாம் கொஞ்சம் இளகும், அதை நான் முன்னாடியே கவனிச்சிருக்கேன். மெதுவா ஒவ்வொரு விரலா விரிச்சு, கைப்பிடியை உள்ளே வச்சு, கட்டை விரலைச் சுத்திப் பென்சிலால ஒரு கோடு போட்டேன். கீழே வந்து கோட்டுக்குள்ள மட்டும் கொஞ்சம் தேய்ச்சேன், மறுநாள் திரும்ப வச்சுப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் தேய்ச்சேன். மூணாவது நாள் கைப்பிடியை உள்ளே வச்சப்ப, அந்த நாலு விரலும் அதை லேசா அமுக்கின மாதிரி இருந்துச்சு. அமுக்குறது அவர் விரல் இல்ல, என் ஆசைதான்னு நினைச்சுக்கிட்டு எடுத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல, அந்தப் பயிற்சிப் பொண்ணுகிட்டக்கூட.

இப்ப வேலை முடிஞ்சது. நாளைக்குக் கதவுக்குப் பின்னாடி வச்சுடுவேன், கேட்டா கடையில கொடுத்துச் சரி பண்ணினேன்னு சொல்லலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை போன்ல பேசும்போது நீ எப்பவும் போல எலி விழுந்துச்சான்னு அவர்கிட்டக் கேளு, சிரிச்சுடாதே, திடீர்னு கேட்காம விட்டா சந்தேகம் வரும். மெஷின் நின்னுடுச்சு, தபால் தலை வாங்கினதும் மிச்சத்தை எழுதுறேன்.

இன்னைக்கு வெள்ளிக்கிழமை. தபால் தலை வாங்கியாச்சு, ஆனா மேல எழுதினதுல பாதி மாறிப் போச்சு கண்ணு, அடிச்சுட்டு எழுதலாம்னா தாள் வீணாகும், அதனால அப்படியே இருக்கட்டும். புதன்கிழமை காலைல கம்பைக் கதவுக்குப் பின்னாடி வச்சேன். அவர் அந்தப் பக்கம் நாலு தடவை போனார் வந்தார், கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. நேத்து அந்தப் பொண்ணு வந்து வழக்கம்போல மஞ்சள் பந்தை எடுத்துச்சு. இவர், பந்து வேண்டாம்மா, அந்தக் கதவுக்குப் பின்னாடி ஒரு கம்பு இருக்கு பாரு, அதை எடுன்னார். இடது கையால வாங்கி மடியில படுக்க வச்சார். ஒட்டின இடத்தையெல்லாம் நகத்தால வருடிப் பார்த்தார், வேலை பார்க்கிற காலத்துல புதுப் பையன் மாட்டின திருகாணியைப் பார்ப்பாரே அதே மாதிரி. நான் கதவுகிட்ட நிக்கிறேன், கையில ஈரத்துணி, அதைப் பிழிஞ்சுக்கிட்டே இருக்கேன், தண்ணி தரையெல்லாம் சொட்டுது. அப்புறம் மூக்குகிட்டக் கொண்டு போய் மோந்து பார்த்துட்டு, என்னைப் பார்க்காம அந்தப் பொண்ணைப் பார்த்துச் சொன்னார்.

“கடிச்ச எலியே ஒட்டியும் வச்சிருக்கு. கெட்டிக்கார எலின்னு நான் அப்பவே சொன்னேன் இல்ல?”

அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் புரியல, எலியான்னு கேட்டுக் காலை நாற்காலி மேல தூக்கி வச்சுக்கிச்சு. நான் ஈரத்துணியோடவே கட்டில் ஓரத்துல உக்காந்துட்டேன். அதுக்கு அப்புறம் அவர் கைப்பிடியை வலது கைக்குள்ள நுழைச்சு, கட்டை விரலை எடுத்து அந்தப் பள்ளத்துல வச்சார். வச்சுட்டு இடது கையை எடுத்துட்டார். கம்பு கீழே விழல. சும்மா மடங்கிக் கிடக்கிற மாதிரி இல்ல, நாலு விரலும் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு, நான் பார்த்தேன், அந்தப் பொண்ணும் பார்த்துச்சு, ஐயா இது எப்ப இருந்துன்னு கேட்டுச்சு.

அந்தப் பொண்ணு போன பிறகு நான் அழுதேன், அழுதுக்கிட்டே சண்டையும் போட்டேன். தெரிஞ்சே நாலு மாசம் இல்லாத எலிக்கு ரொட்டி வைக்க வச்சீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கான்னு கேட்டேன். ரொட்டியைக் காலைல நீதானே தின்னேன்னார். அது உண்மைதான், வீணாக்க வேண்டாம்னு தின்னேன். எப்பத் தெரியும்னு கேட்டேன். முதல் நாளே தெரியுமாம், எந்த எலியும் எலுமிச்சை சோப்பு போட்டுக் கழுவிட்டுக் கடிக்காதாம். அன்னைக்குக் கோபத்துல உன்னைக் குத்தணும்னுதான் கை இருந்து என்ன பண்ணன்னு சொன்னேன், சொன்னதும் உன் முகம் போன போக்கைப் பார்த்தேன், அதைத் திருப்பி எடுக்க வழி தெரியல, அதனால எலியைப் பிடின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்னார். அப்புறம் ஒண்ணு சொன்னார், அதை அப்படியே எழுதுறேன்.

“நீ எந்நேரமும் என் கையையே பார்த்துக்கிட்டு இருந்தே. பார்க்கப் பார்க்க அது இன்னும் இறுகிச்சு. நீ கூடையைத் தூக்கிக்கிட்டுக் கீழே போற நேரம்தான் நான் விரலை நீட்டிப் பார்த்தேன்.”

ஒன்றரை மாசமா, நான் இங்க மெஷின் பக்கத்துல தேய்ச்சுக்கிட்டு இருந்த நேரமெல்லாம், அவர் மேல தனியா, அந்தப் பொண்ணு வீட்டுல விட்டுட்டுப் போற அந்த மஞ்சள் பந்தை வச்சு அமுக்கிக்கிட்டு இருந்திருக்கார். மத்தியானம் நான் கைப்பிடியை வச்சு அளவு பார்த்தப்பவும் தூங்கலையாம், மூணாவது நாள் அமுக்கினது அவரேதானாம், நீ கண்டுபிடிப்பேன்னு பார்த்தேன், பென்சிலை எடுத்துக்கிட்டு ஓடிட்டேன்னு குறை சொல்றார். அந்தப் பொண்ணு சொன்னது, மூடுறது வந்துடுச்சு, திறக்கிறதுதான் கஷ்டம், ரெண்டு விரல் திறக்குது, மிச்ச ரெண்டும் கட்டை விரலும் வரும் வராது இப்பச் சொல்ல முடியாது, ஆனா விடக் கூடாதுன்னு. ஒன்றரை மாசம்தான் பாக்கி இருக்கு, அதுக்கு மேல ஆண்டவன் விட்ட வழி. நான் பெரிசா எதுவும் கேட்கல அவன்கிட்ட. கேட்டுக் கேட்டு எனக்கும் களைச்சுப் போச்சு, அவனுக்கும் களைச்சிருக்கும்.

இன்னும் ஒண்ணு. அடுத்த புதன்கிழமை ஏரிக்குப் போகணுமாம், கூட்டம் இல்லாத நாளாம். தூண்டில் முள்ளுல புழு மாட்ட ஒரு கை பத்தாதாம், நான் வரணுமாம். புழுவை நான் தொட மாட்டேன், பாவம்னு சொன்னேன். ரொட்டித் துண்டு மாட்டு, அதுல உனக்கு நல்ல பழக்கம்னார். பீரோ மேல இருந்து நீ அனுப்பின தூண்டிலை எடுக்கச் சொல்லி, உறையைப் பிரிச்சு என் கையில கொடுத்துட்டார், அதனால நீ அனுப்பினது வீணாப் போகல. மீன் பிடிக்க எனக்கு ஆசை ஒண்ணும் இல்ல கண்ணு. ஆனா அந்தக் கரையில உக்காந்தா ரெண்டு மணி நேரம் யாரும் என்னை எதுக்கும் எழுப்ப மாட்டாங்க இல்ல, அந்த ஆசை ஒண்ணு இருக்கு. இதை அவர்கிட்டச் சொல்லல, ஆண்டவன்கிட்டச் சொல்லிட்டேன்.

உனக்கு ஆண்டவன் நீண்ட ஆயுசும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும். காலைல வெறும் வயித்தோட வேலைக்கு ஓடாதே, ஈரத் தலையோட வெளியே போகாதே. முக்கியமா ஒண்ணு, மேல எழுதினதை மறந்துடு, இந்தக் கடுதாசி உன் கைக்கு வர்றதுக்குள்ள நாங்க ஏரிக்குப் போயிட்டு வந்திருப்போம், அதனால ஞாயித்துக்கிழமை எலியைப் பத்திக் கேட்காதே. கை எப்படி இருக்கு சித்தப்பான்னும் கேட்காதே. மீன் ஏதாவது விழுந்துச்சான்னு மட்டும் கேளு. நானும் தினமும் இதே நேரத்துக்குக் கூடையைத் தூக்கிக்கிட்டுக் கீழே வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டுத்தான் மேல போகப் போறேன். இன்னைக்குத் துணி ஒண்ணும் இல்ல. மெஷின் சும்மாதான் சுத்துது.

உன் பேரைச் சொல்லி எழுந்து உன் பேரைச் சொல்லிப் படுக்கும்,
உன் சித்தி